பெண் பிள்ளை குதித்தால் என்ன?

நான் எழுதிய சிறுகதை ஒன்றில் பதினாலு வயதுப் பெண் ஒருத்தி, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்து, எட்டடி அகல வாய்க்காலை ஒரே தாண்டாகத் தாண்டி அக்கரையில் குதிக்கிறாள். கதையில் அது ஒரே ஒரு வாக்கியம். அதே கதையில் ஒரு கிழவர் செத்துப் போகிறார். ஒரு குடும்பம் இருந்த வீட்டை விற்றுவிட்டுத் தெருவுக்கு வருகிறது. ஒருவன் கூடப் பிறந்த தம்பியையே ஏமாற்றுகிறான். இவற்றைப் பற்றியெல்லாம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு தாண்டலைப் பற்றித்தான்!

“நல்ல குடும்பத்துப் பெண் என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, மூன்றாம் பக்கத்தில் அவளை இப்படிக் குதிக்க விடலாமா ஐயா?” என்று கேட்டிருந்தார் ஒரு பெரியவர். நாலு பெண்களைப் பெற்று வளர்த்தவர் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்ட ஓர் அம்மாள், “வயசுக்கு வந்த பெண்கள் இப்படித் தாண்டிக் குதித்தால் கர்ப்பப்பை இறங்கிவிடும். சிறு பெண்கள் படிக்கிற பத்திரிகையில் இதைப் போய் எழுதுகிறீர்களே” என்று வருத்தப்பட்டிருந்தார். ஓய்வு பெற்ற இன்ஜினீயர் ஒருவர், பதினாலு வயதுப் பெண் எட்டடி தாண்டுவது நடவாத காரியம் என்றும், கதை எழுதுகிறவர்களும் கொஞ்சம் பௌதிகம் படிக்க வேண்டும் என்றும் புத்தி சொல்லியிருந்தார்.

மூவருக்கும் தனித்தனியே பதில் எழுதலாம். ஆனால் இந்த மூன்று பேரும் மூன்று பேர் அல்ல என்பது என் அபிப்பிராயம். நம் வீடுகளில் தினந்தோறும் கேட்கிற ஒரே குரல்தான் மூன்று கையெழுத்துகளில் வந்திருக்கிறது. “ஏண்டி இப்படிக் குதிக்கிறே? அடக்கமா நட!” என்கிற குரல். அந்தக் குரலோடு எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு இருக்கிறது. அதை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

இன்ஜினீயரிடமிருந்து ஆரம்பிப்போம். அவர்தான் கணக்குப் பேசியிருக்கிறார். கணக்குப் பேசுகிறவரோடு சண்டை போடுவது சுலபம். நான் பௌதிகத்தில் பண்டிதன் அல்ல. கல்லூரியில் இரண்டு வருஷம் அதைப் படித்துவிட்டுக் கதை எழுத வந்தவன். ஆனால் இந்த வாய்க்காலைத் தாண்ட இரண்டு வருஷப் படிப்பே அதிகம்.

எட்டடி என்பது ஏறக்குறைய 2.44 மீட்டர். ஓடி வருகிற பெண் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பிரமாதமான வேகம் அல்ல. நூறு மீட்டர் தூரத்தை 20 வினாடியில் ஓடுகிற வேகம். பள்ளிக்கூடத்து மணி அடித்துவிட்டால் எந்தப் பெண்ணும் அந்த ஓட்டம் ஓடுவாள். கரை விளிம்பில் காலை ஊன்றி ஓர் அடி உயரம் எழும்பினாள் என்றால், எழும்பவும் திரும்ப இறங்கவும் சேர்ந்து அரை வினாடி ஆகும். இதில் மாற்றமில்லை, ராஜா எழும்பினாலும் அரை வினாடிதான், பிச்சைக்காரன் எழும்பினாலும் அரை வினாடிதான். அந்த அரை வினாடியிலும் அவளுடைய முன்னோட்ட வேகம் குறைவதில்லை. வினாடிக்கு 5 மீட்டர் என்றால் அரை வினாடிக்கு இரண்டரை மீட்டர். வாய்க்கால் தாண்டியாகிவிட்டது! இறங்கும்போது காலை முன்னுக்கு நீட்டினால் இன்னும் கொஞ்சம் மிச்சம்கூட உண்டு.

இத்தனை வருஷம் பாலமும் கட்டடமும் கட்டிய மனிதருக்கு இந்தக் கணக்கு தெரியாமலா இருக்கும்? தெரியும். ஓடி வருகிறவள் பையனாக இருந்தால் அவரே போட்டிருப்பார். பெண் என்றதும் பென்சில் கீழே விழுந்துவிட்டது. இதுதான் எனக்குக் கோபம்.

குதிப்பது என்றால் என்ன? நாம் நம்மைத் தூக்கிக்கொள்கிறோம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது பிரமை. தன் தலைமயிரைத் தானே பிடித்துத் தூக்கி யாரும் மேலே போனதில்லை. முழங்காலை மடக்கி, பூமியைக் கீழ்நோக்கி ஓர் உதை உதைக்கிறோம்; பூமி அதே அளவு பலத்தோடு நம்மை மேல்நோக்கித் தள்ளுகிறது. 1687-இல் நியூட்டன் தம்முடைய நூலில் எழுதி வைத்த மூன்றாவது விதி இது. நின்ற இடத்தில் ஓர் அடி மடங்கி, ஓர் அடி உயரம் எழும்ப வேண்டுமானால், பூமி சராசரியாக நம்முடைய எடையைப் போல் இரண்டு பங்கு பலத்தோடு நம்மைத் தள்ளியாக வேண்டும். நாற்பது கிலோப் பெண்ணுக்கு எண்பது கிலோ. உதைக்கிற கால் யாருடையது, கொலுசு போட்ட காலா, பூட்ஸ் போட்ட காலா என்று பூமி விசாரிப்பதில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறது.

கால் தரையை விட்டு விட்டதோ, அப்புறம் நம் கையில் ஒன்றும் இல்லை. கையை ஆட்டலாம், உடம்பை வளைக்கலாம். ஆனால் உடம்பின் எடை மையம் போகிற பாதையை மாற்ற முடியாது. கல்லை எறிந்தால் அது எந்த வளைவில் போகுமோ அதே வளைவுதான். நடனமாடுகிறவர்கள் ஆகாயத்தில் ஒரு கணம் அப்படியே நிற்பது போல் தோன்றுகிறதே, அதுகூட இந்த வளைவின் வேலைதான். ஆகாயத்தில் இருக்கும் நேரத்தில் சரிபாதி, உயரத்தின் மேல் கால்பங்கிலேயே கழிந்துவிடுகிறது. நம் கண் அதைப் பார்த்துவிட்டு, மிதக்கிறாள் என்கிறது.

நடனம் என்றதும் ஞாபகம் வருகிறது. “குதிக்காதே” என்று பெண்ணை அதட்டுகிற அதே தாயார், சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளைத் தலை வாரிப் பூ வைத்துப் பரத நாட்டிய வகுப்புக்கு அழைத்துக்கொண்டு போகிறாள். அங்கே என்ன நடக்கிறது? அரைமண்டியில் உட்கார்ந்து, சிமெண்டுத் தரை அதிர அதிரத் தட்டடவு. அப்புறம் குதித்து மெட்டடவு. பெயரிலேயே குதி இருக்கிறது! முன்பாதத்தில் துள்ளி எழும்பிக் குதிகாலைத் தரையில் அடிக்க வேண்டும். அதையும் மூன்று காலத்தில். மாதம் பிறந்தால் அதற்குச் சம்பளமும் கட்டுகிறாள். அங்கே இறங்காத கர்ப்பப்பை வாய்க்கால் கரையில் மட்டும் இறங்கிவிடுமா? நாட்டியத்தை நான் குறை சொல்லவில்லை. மேடையில், நாலு பேர் பார்க்க, சலங்கை கட்டிக் குதித்தால் கலை. வீதியில், யாரும் பார்க்காதபோது, தன் சந்தோஷத்துக்காகக் குதித்தால் அடங்காப்பிடாரித்தனம் என்கிற நியாயத்தைத்தான் குறை சொல்லுகிறேன்.

நம் பாஷையையே பாருங்களேன். குதி என்றால் துள்ளலும் உண்டு, குதிகாலும் உண்டு. காலின் அந்தப் பகுதிக்கே அந்தப் பெயர். ஆனால் ஆண்பிள்ளை ‘பாய்ந்தான்’. பெண்பிள்ளையோ, ‘என்ன குதி குதித்தாள் தெரியுமா?’ அனுமன் கடலைத் தாண்டியதைப் பாராயணம் செய்கிறோம். வீட்டுப் பெண் வாய்க்காலைத் தாண்டினால் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம்.

இத்தனைக்கும் நம் ஊர்ப் பெண் குழந்தைகள் குதிக்கப் பிறந்தவர்கள். பாண்டி ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்கு என் நமஸ்காரம். கட்டம் கிழித்து, சில்லைப் போட்டு, ஒற்றைக் காலில் நொண்டியடித்து, கோட்டை மிதிக்காமல் திரும்பி வரவேண்டும். உடம்பின் முழுப் பாரத்தையும் ஒற்றைக் காலால் எழுப்பி, அதே ஒற்றைக் காலில் வாங்கி, விழாமல் குனிந்து சில்லையும் எடுக்கிற வித்தை அது. பையன்களுடைய பச்சைக் குதிரையைவிட நுட்பமான ஆட்டம். பத்து வயது வரை ஆடுகிறார்கள். பதினொன்று, பன்னிரண்டு... ஒரு நாள் மஞ்சள் நீர் ஊற்றிப் புடவை கட்டிவிட்டு ஆட்டத்தை முடித்துவிடுகிறோம். அப்புறம் அந்தப் பெண் வாழ்நாளில் என்றாவது குதிக்கிறாளா? எண்ணிப் பாருங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது குதிக்க நேர்ந்தால் உண்டு.

நாலு பெண்களைப் பெற்ற அம்மாளுக்கு வருகிறேன். அவரைப் பரிகாசம் செய்ய எனக்கு மனமில்லை. தம் தாயாரும் பாட்டியும் சொன்னதைத்தான் அவர் சொல்கிறார். தவிர, இந்தப் பயம் நம் ஊர்ச் சொத்தும் அல்ல; வெள்ளைக்காரனும் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

நவீன ஒலிம்பிக் பந்தயம் 1896-இல் ஏதென்ஸில் ஆரம்பித்தபோது உயரத் தாண்டல், நீளத் தாண்டல், மும்முறைத் தாண்டல், கோலூன்றித் தாண்டல் என்று நாலு தாண்டலும் இருந்தன. எல்லாம் ஆண்களுக்கு. பெண்களுக்கு உயரத் தாண்டலைக் கொடுத்தது 1928-இல். நீளத் தாண்டலைக் கொடுத்தது 1948-இல். மும்முறைத் தாண்டலுக்கு 1996 வரை, அதாவது சரியாக நூறு வருஷம், காக்க வைத்தார்கள். கோலூன்றித் தாண்ட 2000 பிறக்க வேண்டியிருந்தது. பனிமலையிலிருந்து சறுக்கி வந்து ஆகாயத்தில் பாய்கிற ‘ஸ்கீ ஜம்பிங்’ இருக்கிறதே, அது ஆண்களுக்கு 1924-லேயே உண்டு. பெண்களுக்கு 2014-இல்தான் கிடைத்தது. தொண்ணூறு வருஷம்!

இந்தப் பனிச்சறுக்குக் கதையைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். 2005-இல் சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் ஒரு பேட்டியில் சொன்னதன் சாரம் இது: வருஷத்துக்கு ஆயிரம் தடவை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தரையில் குதிப்பது போன்றது இந்த விளையாட்டு, வைத்திய ரீதியில் இது பெண்களுக்கு ஏற்றதாகத் தோன்றவில்லை. நம் அம்மாள் கடிதத்தில் எழுதியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவர் தமிழில் எழுதினார், அவ்வளவுதான்.

அந்தக் கனவான் பௌதிகத்தையாவது முழுக்கப் பார்த்தாரா? பனிமலைச் சரிவு சும்மா வெட்டிய பள்ளம் அல்ல. பாய்ந்து வருகிறவர் ஆகாயத்தில் எந்த வளைவில் இறங்குவாரோ, ஏறக்குறைய அந்த வளைவை ஒட்டியே சரிவையும் வெட்டுகிறார்கள். ஆகையால் அவர் தரையில் ‘விழுவதில்லை’. சரிவோடு சரிவாகத் தழுவி இறங்குகிறார். அத்தனை உயரம் பறந்தும் கால் உடையாமல் இருக்கும் ரகசியம் அதுதான். அந்த அதிர்ச்சி ஆண் முழங்காலுக்குத் தகும், பெண் முழங்காலுக்குத் தகாது என்பதற்கு என்ன ஆதாரம்? கூச்சத்தை விட்டுச் சொன்னால், அதிர்ச்சி படக்கூடாத உறுப்பை ஆண்டவன் பெண்ணுக்கு உடம்பின் உள்ளே, எலும்புக் கூட்டுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறான். ஆணுக்கு அப்படி வைக்கவில்லை. இந்த நியாயப்படி பார்த்தால் குதிக்கக் கூடாதவன் ஆண்பிள்ளைதான்!

வான்கூவரில் 2010-இல் நடந்த பனிக்காலப் பந்தயத்துக்காக மலையில் மேடை கட்டினார்கள். பந்தயம் தொடங்குவதற்கு முன் அதன் சிறிய மேடையில் ஆண் பெண் எல்லோரிலும் அதிக தூரம் பாய்ந்த சாதனை லிண்ட்ஸி வான் என்ற அமெரிக்கப் பெண்ணுடையது. அவளும் தோழிகளும் கனடாவில் கோர்ட்டுக்குப் போனார்கள். இது பாரபட்சம்தான், ஆனாலும் சர்வதேசக் கமிட்டியைக் கட்டாயப்படுத்த எங்களுக்கு அதிகாரமில்லை என்று 2009-இல் தீர்ப்பு வந்தது. எந்த மேடையில் சாதனை வைத்திருந்தாளோ, அந்த மேடையின் பந்தயத்தை அந்தப் பெண் பார்வையாளர் வரிசையிலிருந்துதான் பார்க்க முடிந்தது.

கர்ப்பப்பை விஷயத்துக்கு நேராகவே பதில் சொல்லிவிடலாம். கர்ப்பப்பை இறங்குவதற்கு வைத்தியர்கள் சொல்லுகிற முதற்காரணம் பிரசவம். அதிலும் அடுத்தடுத்த பிரசவம். பிறகு வயது, தீராத இருமல், மலச்சிக்கல், நாள்தோறும் கனம் தூக்குவது. பதினாலு வயதுப் பெண் வாய்க்கால் தாண்டுவது அந்த ஜாபிதாவில் இல்லை. கனம் தூக்குவது இருக்கிறதே, அதைக் கவனித்தீர்களா? ஒரு குடம் தண்ணீர் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று தெருக்குழாயிலிருந்து மாடிப்படி ஏறுகிற பெண்ணைப் பார்த்து, “ஐயோ, கர்ப்பப்பை இறங்கிவிடுமே, குடத்தைக் கீழே வை” என்று கூவின பெரியவர் யாரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு உபயோகமான பாரம் உடம்பைக் கெடுக்காது. அவளுக்கு மட்டும் சந்தோஷம் தருகிற பாரம் கெடுத்துவிடும்! நல்ல வைத்தியம் இது.

1948-இல் லண்டன் பந்தயத்தில் நாலு தங்கப் பதக்கம் வாங்கிய ஹாலந்துக்காரி ஃபானி பிளாங்கர்ஸ்-கோயனுக்கு அப்போது வயது முப்பது. இரண்டு குழந்தைகளுக்குத் தாய். நாலும் ஓட்டப் பந்தயங்கள். ஆனால் அந்தச் சமயம் பெண்களின் உயரத் தாண்டல் உலக சாதனையும் அவருடையதுதான், நீளத் தாண்டல் சாதனையும் அவருடையதுதான். அந்த இரண்டிலும் அவர் இறங்கவே இல்லை. நீளத் தாண்டலில் வென்ற பெண், இவருடைய சாதனைக்கு அரை மீட்டருக்கு மேல் குறைவாகத் தாண்டித் தங்கம் வாங்கினாள். இவரும் டெபி பிரில்லும் அந்த அம்மாளுக்கு என்னுடைய சாட்சிகள்.

டெபி பிரில் யார் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும், உலகம் அவளை அவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டது. 1968-இல் மெக்ஸிகோவில் டிக் ஃபாஸ்பரி என்ற அமெரிக்க இளைஞன், குறுக்குக் கம்பிக்கு முதுகைக் காட்டி மல்லாந்து 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினான். அந்தப் பாணிக்கே ‘ஃபாஸ்பரி ஃப்ளாப்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்குள்ளேயே, கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், பண்ணை வீட்டுச் சிறுமி ஒருத்தி, ஃபாஸ்பரியைப் பார்க்காமலே, தானாகவே அதே போல் மல்லாந்து தாண்டிக்கொண்டிருந்தாள். அவள்தான் டெபி பிரில். இந்தப் பாணியின் சூட்சுமம் என்னவென்றால், உடம்பு வில்லாக வளைந்து கம்பிக்கு மேலே போகும்போது, உடம்பின் எடை மையம் கம்பிக்குக் கீழே போக முடியும். தலை தாண்டும்போது இடுப்பு கீழே, இடுப்பு தாண்டும்போது தலையும் காலும் கீழே. அதே உதைக்கு அதிக உயரம்.

ஆனால் மல்லாந்து தாண்டுகிறவர் முதுகிலேதான் விழ வேண்டும். மணல் குழியில் ஆறடி உயரத்திலிருந்து முதுகில் விழுந்தால் பந்தயம் அத்தோடு முடிந்தது. அந்தச் சிறுமியின் தகப்பனார் என்ன செய்தார் தெரியுமா? “குதிக்காதே” என்று சொல்லவில்லை. நுரை ரப்பர் துண்டுகளைச் சேர்த்துப் பண்ணையிலேயே அவளுக்கு மெத்தென்று ஒரு விழுகுழி பண்ணிக் கொடுத்தார். அவள் 1970-இல் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கினாள். 1982 ஜனவரியில் அரங்கத்துக்குள் நடந்த போட்டியில் 1.99 மீட்டர் தாண்டி உலக சாதனை செய்தாள். அப்போது அவளுக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம்! நம் ஊரில் ஐந்தாம் மாதம் பிள்ளை பெற்றவளுக்கு இன்னும் பத்தியச் சாப்பாடு தீர்ந்திருக்காது.

பெண்களின் உயரத் தாண்டலில் 1928-இல் தங்கம் வாங்கிய உயரம் 1.59 மீட்டர். 2024-இல் உக்ரேனிய வீராங்கனை யாரோஸ்லாவா மகுசிக் பாரிஸில் தாண்டியது 2.10 மீட்டர். இடையில் பெண்ணின் எலும்போ தசையோ வேறு ஜாதியாக மாறிவிடவில்லை. பயிற்சி கொடுத்தார்கள், வாய்ப்புக் கொடுத்தார்கள், விழுவதற்கு மெத்தை கொடுத்தார்கள். நம் ஊரிலேயே ரோசி மீனா பால்ராஜ் 2022-இல் கோலூன்றி 4.20 மீட்டர் தாண்டியிருக்கிறார். கிட்டத்தட்டப் பதினாலடி. என் கதையிலே வருகிற பெண்ணின் வாய்க்கால் அகலம் எட்டடிதான் ஐயா. அதுவும் படுக்கை வசத்தில்!

சரி, ஒருத்தியும் சாதனை செய்ய வேண்டாம். பந்தயமே வேண்டாம். எல்லாப் பெண்ணும் ஏன் குதிக்க வேண்டும் என்று கேட்கிறீர்களா? அங்கேதான் விஷயம் விளையாட்டை விட்டு வினைக்கு வருகிறது.

எலும்பைக் கல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எலும்பு உயிருள்ள பொருள். அதன் மேல் பாரம் விழ விழ அது தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்கிறது. யூலியுஸ் ஊல்ஃப் என்ற ஜெர்மானிய வைத்தியர் இதை 1892-லேயே எழுதினார். டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு மட்டை பிடிக்கிற கையின் எலும்பு மற்றக் கையைவிடப் பருமனாக இருக்கும். விண்வெளியில் எடையற்று மிதக்கிறவர்களுக்கோ, எவ்வளவு சத்துணவு தின்றாலும், இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒன்று ஒன்றரை சதவீதம் கரைந்துபோகிறது. தரையில் கால் அதிராத எலும்பு, தனக்கு வேலையில்லை என்று முடிவு கட்டிவிடுகிறது.

அமெரிக்காவின் ஆரகன் மாகாணச் சர்வகலாசாலையில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். (ஃபாஸ்பரி படித்ததும் அங்கேதான், இது தற்செயல்.) பருவமடையாத குழந்தைகளை இரண்டடி உயரப் பெட்டியின் மேலேயிருந்து குதிக்கச் சொன்னார்கள். ஒரு வேளைக்கு நூறு தடவை, வாரத்தில் மூன்று நாள், ஏழு மாதம். ஒவ்வொரு தடவையும் தரை அவர்களை உடம்பு எடையைப் போல எட்டு மடங்கு பலத்தோடு வாங்கியது. வேறு சில குழந்தைகளுக்குக் கை காலை நீட்டி மடக்குகிற பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். 2001-இல் வெளியான முடிவு இது: குதித்த குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட இடுப்பில் தொடையெலும்பின் கழுத்துப் பாகத்தில் 4.5 சதவீதமும், முதுகெலும்பில் 3.1 சதவீதமும் எலும்புச் சத்து அதிகமாக ஏறியிருந்தது. மருந்தில்லை, மாத்திரையில்லை. ஒரு பெட்டி, கீழே பூமி.

இன்னொரு விஷயமும் சொல்லுகிறார்கள். வளர்ந்த மனிதருக்கு இருக்கிற எலும்புச் சத்தில் சுமார் கால் பங்கு, பருவ காலத்தில் உடம்பு கிடுகிடுவென்று உயருகிற இரண்டே வருஷத்தில் சேர்ந்துவிடுகிறதாம். பெண்களுக்கு அது பன்னிரண்டு பதின்மூன்று வயதை ஒட்டி வருகிறது. அதாவது, நாம் எந்த வயதில் பாண்டிக் கட்டத்தை அழித்து, தாவணியைப் போர்த்தி, “அதிர நடக்காதே” என்று மூலையில் உட்கார வைக்கிறோமோ, சரியாக அந்த வயதில்! வாழ்நாள் முழுமைக்கும் எலும்பு என்கிற முதலைப் போட்டு வைக்கிற இரண்டு வருஷத்தில் பாங்கின் கதவைச் சாத்திவிடுகிறோம். ஐம்பது வருஷம் கழித்து அவள் குளியலறையில் வழுக்கி விழுகிறாள். பையன்கள் விழுந்தால் எழுந்து போகிற இடத்தில், பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிகிறது. “வயசாச்சு, எலும்பு தேய்ஞ்சு போச்சு” என்கிறோம். தேய்ந்தது மட்டும்தானா? போட வேண்டிய காலத்தில் போடவிடாததை யார் கணக்கில் எழுதுவது?

எதிர்க்கட்சிக்காரர்களிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. நானே அதை எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். தாண்டிக் குதித்து ஆடுகிற விளையாட்டுகளில், முழங்காலுக்குள் இருக்கிற ஒரு முக்கியமான தசைநார் அறுந்துபோவது ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். வாஸ்தவம். ஆனால் ஏன்? இறங்கும்போது முழங்காலை மடக்காமல் விறைப்பாக வைத்துக்கொள்வதும், முழங்கால்கள் உட்பக்கம் சாய்வதும் முக்கியமான காரணங்கள் என்கிறார்கள். இறங்குகிற வித்தையைச் சொல்லிக் கொடுத்துப் பழக்கினால் இந்த விபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்று பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பத்து வயது வரை தானாகக் கற்றுக்கொண்டிருந்தவளை அந்த வயதோடு நிறுத்திவிட்டு, பதினாறு வயதில் வாலிபால் மைதானத்தில் இறக்கிவிட்டு, “பார், பெண்களுக்கு முழங்கால் பலவீனம்” என்றால் எப்படி?

இறங்குகிற கணக்கு, ஏறுகிற கணக்கைவிட முக்கியம். இரண்டடி உயரத்திலிருந்து குதிக்கிறீர்கள். காலை விறைப்பாக வைத்து அரைக்கால் சாண் தூரத்துக்குள், ஓர் அங்குலத்துக்குள், உடம்பை நிறுத்தினால் தரை உங்களைச் சராசரியாக எடையைப் போல் இருபத்தைந்து மடங்கு பலத்தோடு அடிக்கும். முழங்காலையும் இடுப்பையும் மடக்கி ஓர் அடி தூரத்தில் நிறுத்தினால் மூன்றே மடங்கு. உயரம் ஒன்றுதான், உடம்பு ஒன்றுதான். கால் மடங்கியது மட்டும்தான் வித்தியாசம். இதைப் பெண்ணுக்குச் சொல்லித்தர ஒரு சின்ன உபாயம் இருக்கிறது: சத்தம் கேட்காமல் குதிக்கச் சொல்லுங்கள். பூனை மாதிரி. சத்தம் குறையக் குறைய, காலுக்கு விழுகிற அடியும் குறைகிறது. ‘அதிர நடக்காதே’ என்று அதட்டுகிற பாட்டியம்மாளைக்கூட இந்த ஒரு காரியத்துக்கு வாத்தியாராகப் போட்டுக்கொள்ளலாம்.

நான் அறிந்த பள்ளிக்கூடம் ஒன்றில் விளையாட்டு விழா நடந்தது. பையன்களுக்கு லாங்ஜம்ப், ஹைஜம்ப். பெண்களுக்கு எலுமிச்சம்பழமும் கரண்டியும், ஊசியில் நூல் கோத்தல், நாற்காலிச் சுற்று. ஏன் என்று பி.டி. ஆசிரியரைக் கேட்டேன். “பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க சார்” என்றார். பெற்றோர் ஒருவரைக் கேட்டேன். “ஸ்கூல்ல வைக்கலை சார், வெச்சா அனுப்புவோம்” என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. இதற்கு நடுவில் பெண் எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்துக்கொண்டு, அது விழாமல், மெல்ல மெல்ல அடியெடுத்து வைக்கிறாள்.

ஆகையால் நாலு பெண்களைப் பெற்ற அம்மாளுக்கும் மற்றவர்களுக்கும் என் விண்ணப்பம் மிகச் சிறியது. அடுத்த தடவை பீஸ் கட்டப் போகும்போது, தாண்டிக் குதிக்கிற மணல் குழி எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஒரு குழியைக் காட்டுவார்கள். உங்கள் பெண் எந்தக் கிழமை அதில் குதிக்கிறாள் என்று கேளுங்கள். பிறகு மண்வெட்டி எங்கே என்று கேளுங்கள். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த மணல் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். குதிப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அதைக் கொத்திக் கிளறிப் பொலபொலவென்று ஆக்க வேண்டும். மண்வெட்டி இல்லையென்றால், நீங்களே ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.